ஏரிக்கழனி ஸ்டேஷனும் மச்சானின் மறியலும்

மூங்கில்துறைப்பட்டு,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

களமருதூர் பெரியவீட்டு மச்சான் கொளஞ்சியப்பன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பூமாலையைக் கட்டிய ராஜாங்கம் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கையும் கறவை இரண்டும் தெய்வ கடாட்சத்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கு தாங்களும், ரங்கம்மாள் அக்காவும், மாப்பிள்ளை இளஞ்செழியனும், கால் சுளுக்கிய செவலைக் காளையும் அதேபோல் இருக்க வேண்டுமென்று, மலைமேல் இருக்கிற சாமியில் தொடங்கி ஆற்றங்கரையில் இருக்கிற சாமி வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்றுக் கரும்பாலை வாசலில் உங்கள் ஊர் டிராக்டர்காரர் என்னை நிறுத்தி, நீங்கள் சொல்லி அனுப்பியதைப் பத்துப் பேர் முன்னால் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். மகளைக் கூட்டிவரப் போன மனுசன் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறானே, அவனெல்லாம் ஒரு ஆம்பளையா என்று கேட்டீர்களாம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. செல்வி மெட்ராஸில் ஏரிக்கழனி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு வருவாள், ஐப்பசியில் உங்கள் மகனுக்குக் கட்டிவைக்கிறேன் என்று உங்கள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி சொன்னவன் நான்தான். பெரியவீட்டு மருமகள் சுவர் ஓட்டை வழியாகக் கையை நீட்டி ஊரான் சில்லறையை வாங்குவதா என்று நீங்கள் கேட்டதும் அன்றைக்கு எனக்கு ஞாயமாகத்தான் பட்டது. ஆனாலும் நடந்தது இன்னது என்று முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள். பாதியில் திட்டினால் மீதியை எழுத எனக்குக் கை வராது.

கள்ளக்குறிச்சியில் விடியற்காலை பஸ் ஏறினேன். கையில் ஸ்டேஷன்காரர்களுக்கு என்று ஒரு கட்டுக் கரும்பு, கரியாலூரிலிருந்து வந்த மலைத்தேன் ஒரு பாட்டில், அப்புறம் நிச்சயத்துக்கென்று ரங்கம்மாள் அக்கா எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு ஒரு மஞ்சள் பையில். தாம்பரத்தில் இறங்கி, படி ஏறி, படி இறங்கி, கரண்டு வண்டி நிற்கிற மேடைக்குப் போனேன். அங்கேதான் மச்சான் எனக்குச் சனி பிடித்தது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் என்ன வழக்கம்? வண்டி நுழையும்போதே சன்னல் கம்பி இடுக்கில் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட்டு நமக்குப் பட்டா ஆன மாதிரி. பிறகு டிரைவர் டீ குடிப்பார், கண்டக்டர் வெற்றிலை போடுவார், நாமும் மூட்டையைக் கூரைமேல் ஏற்றிவிட்டு, தெரிந்தவரிடம் மழை விசாரித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நிதானமாக ஏறுவோம். அதே ஞாபகத்தில் துண்டைப் போட்டேன். துண்டு காற்றில் பறக்கக்கூடாதே என்று பட்டுப்புடவைப் பையையும் அதன்மேல் வைத்தேன். திரும்பிக் கரும்புக் கட்டைத் தூக்கினேன். அவ்வளவுதான். டீ குடிக்கிற டிரைவரும் இல்லை, விசில் ஊதுகிற கண்டக்டரும் இல்லை, 'ங்' என்று மூக்கால் ஒரு சத்தம், வண்டி என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. துண்டு, துண்டு என்று கத்திக்கொண்டு கரும்போடு கூடவே ஓடினேன். ஒரு துண்டு எவ்வளவு என்று ஒருத்தர் விலை கேட்டார்.

அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஏரிக்கழனியில் இறங்கினேன். பேரைக் கேட்டு நான் மனசுக்குள் ஒரு ஏரியும், அதன் கீழே மடை பாய்கிற நாலு கழனியும் வைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் ரெண்டும் இல்லை. நீளமாக ஒரு மேடை, மேலே தகரக் கூரை, நாலு பெஞ்சு, காசு போட்டால் எடை சொல்கிற மெஷின் ஒன்று, அந்தண்டை போக ஒரு மேம்பாலம், கோடியில் ஒரு வாதுமை மரம். வெளிச் சுவரில் பானை வாய் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள்ளே நம் செல்வி. ஏழெட்டு மாசம் கழித்து அப்பன் முகத்தைப் பார்க்கிறாள். நான் வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், பட்டுப்புடவை போச்சும்மா என்றேன். அவள் நிமிர்ந்தாள், முகமெல்லாம் மலர்ந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாய் மட்டும், "வரிசைல வாங்கப்பா" என்றது. பெற்ற அப்பனை. நானும் ரோசத்தோடு கடைசியில் போய் நின்றேன். கரும்புத் தோகை குத்துகிறது என்று முன்னால் நின்றவர்கள் தாமாக ஒதுங்கியதால் சீக்கிரமே என் முறை வந்துவிட்டது.

அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் காசிநாதன் என்று ஒரு நல்ல மனுசன். சங்கதியைக் கேட்டு உடனே போனைச் சுற்றினார். எந்தப் பெட்டி, எத்தனையாவது சன்னல் என்று கேட்டார். நான் வெயில் அடிக்காத பக்கம் என்றேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், இந்த வண்டிகளெல்லாம் கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் போய் அப்படியே திரும்பி வருவதுதான், எங்கேயும் ஓடிப்போகாது, உட்காருங்கள் என்றார். மச்சான், அந்த வார்த்தையைக் கேட்டதும் என் படபடப்பு பாதி அடங்கியது. போன பஸ் அன்றைக்கே திரும்பி வருமா என்று நமக்கு எந்தக் காலத்தில் தெரிந்திருக்கிறது.

ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு அந்த வண்டி திரும்பி வந்தது. உள்ளே எள் போட இடமில்லை. வாசலில் கொத்துக் கொத்தாக ஆள் தொங்குகிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில், சன்னல் ஓரமாக ஒரு சீட்டு மட்டும் காலியாக வருகிறது. அதில் என் சிவப்புக் கரைத் துண்டு, அதன்மேல் மஞ்சள் பை. பக்கத்தில் வேர்க்கடலைக் கூடையோடு ஒரு அம்மா காவல் நிற்கிறாள். ஆண்டாள் என்று பேர், நம்ம பக்கத்துக் கச்சிராயபாளையத்துக்காரி, நாள் முழுக்க அந்த வண்டியிலேயே போய் வந்து கடலை விற்கிறவள். ஏறி வருகிறவர்களிடமெல்லாம், துண்டு போட்டிருக்கு, ஆள் வராரு என்றே சொல்லிக்கொண்டு கடற்கரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். கால் சட்டை போட்ட துரைமார்கூட அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம். அவளும் அதில் உட்காரவில்லை. பையை என் கையில் கொடுத்துவிட்டு, "இன்னா பெரியவரே, துண்ட போட்டுட்டு நீ பாட்டுக்கு நின்னுக்கினா நாங்க எம்மாந் நேரம் காவல் காக்கறது?" என்றாள். மலைத்தேன் பாட்டிலை அவள் கூடையில் வைத்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கரும்பே போதும் என்று தோன்றியது.

புடவை கிடைத்துவிட்டது, மறுநாளே மகளோடு கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். விடிந்து பார்த்தால் தெற்கே ஒரு பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல், வழி நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறது, எறும்பு போக வழியில்லை என்றார்கள். களமருதூர் பக்கத்து ஆள் ஒருத்தர் ரயிலில் எப்படியோ வந்து சேர்ந்தவர், உளுந்தூர்பேட்டை ரோட்டில் நீங்கள் பாய் விரித்து நடுவில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். வெயிலுக்குக் குடை பிடிக்க இரண்டு பேராம். ஆகவே மச்சான், ஏன் இத்தனை நாள் தாமதம் என்று நீங்கள் டிராக்டர்காரரிடம் கேட்டு அனுப்பியதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வழியை அடைத்தது யார்? ஆனால் அந்த நாட்களில் துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்களை நினைத்தால் இதை விளையாட்டாக எழுதக் கூடாதுதான். கேட்டது நம் பிள்ளைகளுக்காக என்பதும் எனக்குத் தெரியும். இதோடு விடுகிறேன்.

செல்வி கூட வேலை பார்க்கிற பெண்ணோடு ஓர் அறையில் இருக்கிறாள். ஆம்பளைகள் தங்கக் கூடாது. வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணி இராத்திரிப் படுக்கைக்கு வராந்தாவை விட்டார். பகலில் எங்கே போவது? ஸ்டேஷனுக்குத்தான். அங்கே சும்மா உட்காரவும் டிக்கெட் எடுக்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. கெடு முடிந்தால் எழுந்துபோய் வரிசையில் நின்று வேறு எடுக்க வேண்டும். அந்த ஓட்டை முன்னால் போய் நின்றால் என் மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி, எத்தனை என்பாள். நான் ஒண்ணு என்பேன். அட்டை டிக்கெட்டை மெஷினில் வைத்து டக்கென்று தேதி குத்தித் தள்ளுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவருவேன். மூன்றாம் நாள் பார்த்தால் அந்த 'டக்' சத்தம் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஸ்டேஷன் எப்படி வந்தது என்பதற்கும் ஆளுக்கொரு சரித்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கரி வண்டி ஏரியில் தண்ணீர் பிடிக்க நின்றதாம், நின்ற இடத்தில் ஜனம் ஏறப் பழகிவிட்டதாம், அப்புறம் தண்ணீர் தேவையில்லாத கரண்டு வண்டி வந்த பிறகும் ஏறுகிறவர்களை நிறுத்த முடியவில்லையாம். இது காசிநாதன் சொன்னது. வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி நாரை பார்க்க இறங்குவாள், அவளுக்காகக் கட்டிய மேடை என்று ஆண்டாள் சொன்னாள். கழனிக்காரர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு, எங்கள் ஊரில் நிற்காவிட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள், அதனால்தான் நிற்கிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று அந்த வாரம் எனக்குப் பட்டது. எல்லா விவரமும் ஒரு கல்லில் வெட்டியிருக்கிறதாம், வருஷா வருஷம் அதன்மேலேயே வெள்ளை அடித்ததில் கல் இப்போது வழவழவென்று இருக்கிறது.

மச்சான், உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கு நேரமே தெரியவில்லை. வண்டி வருகிறது, மேடை நிரம்புகிறது, வண்டி போகிறது, மேடை காலியாகிறது, வாதுமை இலை ஒன்று நிதானமாகக் கீழே வந்து படுக்கிறது, மறுபடி வண்டி வருகிறது. யாரும் யாரையும் கெஞ்சவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்கள். ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் உட்கார்ந்தபடியே கண் சொக்கிவிட்டேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஊர் ஊராகச் சொல்கிறது. சின்னசேலம் என்கிறது, கள்ளக்குறிச்சி என்கிறது, சங்கராபுரம் என்கிறது. நான் ஏறி உட்காருகிறேன். இரண்டு பக்கமும் கரும்பு, தோகை சன்னலுக்குள் வந்து கன்னத்தைத் தடவுகிறது. ஆலை வாசலில் நிற்கிறது, ஆற்றுப் பாலத்தில் மெதுவாகப் போகிறது, அப்புறம் கல்வராயன் மலையில் தன்பாட்டுக்கு ஏறுகிறது. மேகம் உள்ளே வந்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது, யாரும் அதை எழுந்திரு என்று சொல்லவில்லை. கரியாலூரில் சாமை மூட்டையோடு ஜனம் இறங்குகிறது, அருவிச் சத்தம் கேட்கிறது. எந்த ஊரில் நின்றாலும் சுவரில் ஒரு ஓட்டை, எந்த ஓட்டையில் பார்த்தாலும் நம்ம செல்வி கை. வளையலோடு அந்தக் கை நீண்டு, போய்ட்டு வாங்க என்கிற மாதிரி ஒரு டிக்கெட் கொடுக்கிறது. கண் விழித்தபோது என் முகமெல்லாம் சாரல். எழுந்திருக்க மனசே வரவில்லை.

கனவு இருக்கட்டும், நிஜத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை அந்த வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஒரு கிழவர், கையில் மருந்துச் சீட்டு, எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று தெரியவில்லை. பின்னால் இருக்கிறவர்கள் கூச்சல் போடுகிறார்கள். செல்வி ஓட்டைக்குள்ளிருந்தே ஒரு பார்வை பார்த்தாள், கூச்சல் அடங்கியது. கிழவருக்கு எங்கே ஏறணும், எங்கே இறங்கணும், இறங்கி எந்தப் பக்கம் நடக்கணும் எல்லாம் இரண்டு தரம் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் விட்டாள். நம் வீட்டில் விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்குமே, அந்தப் பெண்தான். எனக்குப் பெருமையாக இருந்தது மச்சான். பொய் சொல்ல மாட்டேன், கண் கலங்கிவிட்டது. அடுத்து என் முறை வந்து, எத்தனை என்று அவள் கேட்டாள். விரலைக் காட்டினேன்.

ஆனால் கொடுத்த வார்த்தையை நான் மறந்துவிடவில்லை. அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை ஒழிந்த நேரத்தில் பெஞ்சுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் சொன்னது அத்தனையும் சொன்னேன். குடும்ப கௌரவம், பெரியவீட்டு வழக்கம், சுவர் ஓட்டை, ஊரான் சில்லறை, ஒன்றையும் விடவில்லை. அவள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு டீ ஆறுகிற வரைக்கும் கேட்டாள். அப்புறம், "மாமா மவன கட்டிக்க மாட்டேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? இந்தப் பொடவ எனக்குத்தான், நான் திருப்பித் தரமாட்டேன். வேலைய வுட்டுட்டு வாடின்னாதான் வரமாட்டேன்" என்றாள். நான் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். அதற்கு அவள், "மாமா இப்ப யாருக்கோசரம்பா ரோட்டுல உக்காந்துகினு இருக்காரு?" என்றாள்.

நம்ம பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கணும் என்று, என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வண்டி ஒன்று வந்து போயிற்று. மறியல் ஓய்ந்து பஸ் விட்டதும் நான் மட்டும் கிளம்பி வந்தேன். வழி நெடுகப் புளியமரங்கள் ஓரத்தில் இழுத்துப் போட்டுக் கிடந்தன. உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் இதுவாக இருக்குமோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதையெல்லாம் எழுதியதால் நான் மகள் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மறுபடி ஒருதரம் மெட்ராஸ் போய், கண்டிப்பாகப் பேசி, ராஜினாமா எழுத வைத்து, தை பிறந்ததும் அவளை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன். தங்கள் தங்கையும் இதில் என்னைவிடப் பிடிவாதமாக உங்கள் கட்சியில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் மட்டும் இந்த ஸ்டேஷன் சமாச்சாரம் எதையும் சொல்லாதீர்கள். சின்ன வயசு, மனசு கலங்கும். நீங்களும் அதுவரைக்கும் வேறு இடத்தில் பெண் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரங்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கம், புடவை பத்திரம் என்று சொல்லவும். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். செவலைக்கு நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். குடும்பத்தில் மூத்தவர் நீங்கள், உங்கள் கோபமும் எங்களுக்கு ஆசீர்வாதம்தான் என்று எண்ணுகிற,

தங்கள் தங்கை புருஷன்,
ராஜாங்கம்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடித்து ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, என்ன சேதி என்று கேட்டுவர நீங்கள் அனுப்பிய இளஞ்செழியனே வந்து நின்றான். உங்க அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன், கொண்டுபோய்க் கொடு என்று நீட்டினேன். பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டான். நான் பிடுங்கப் பார்த்தேன், தங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரி வரைக்கும் படித்தான். செல்வி எப்போது வருவாள் என்று கேட்பான், தை மாதம் என்று சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. "மாமா, சாயங்காலம் அவளுக்கு டூட்டி எத்தினி மணிக்கு முடியும்?" என்றான். நான் யோசிப்பதற்குள் தங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஏழு மணி என்று சொல்லிவிட்டாள், கட்டுச்சோறும் கட்டிவிட்டாள். மெட்ராஸில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை சொல்லிவைக்கச் சிநேகிதன் இருக்கிறானாம், கல்யாணத்துக்கு இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு வருவார்களாம். வண்டியேற்றிவிட்டு இப்போதுதான் திரும்பினேன். இந்தக் கடிதம் ஆகவே தபாலில் வருகிறது. நடவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், மச்சான்.